காற்று பிரிக்கும் தொட்டி

மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பட்டப்பகல் பதினொன்றரை மணி. ஆபரேட்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு தடவை. தூங்குகிற மனிதனின் மூச்சுக்கு அதுதான் கணக்கு.

அந்த மின் நிலையத்தில் நெருப்பே கிடையாது. கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் காற்றில்லாத அறைக்குள் தெளித்தால் அது தானே கொதித்து ஆவியாகும். அந்த ஆவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. ஆனால் நீரில் கரைந்திருக்கும் காற்றும் கூடவே கிளம்பி வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் கடல்நீர் முதலில் அவளுடைய தொட்டிக்கு வரும், பம்பு அந்தக் காற்றை உறிஞ்சி எடுக்கும். எவ்வளவு வருகிறது என்று காட்டுவது இந்த முள். ஆறு வருடமாக ஆணி அடித்ததுபோல நின்ற முள்.

நாற்பது நாளைக்கு முன்னால் இதே தொட்டிக்குள்தான் அவள் தம்பி செத்தான். ஃபிட்டர். உப்பைச் சுரண்ட இறங்குமுன், ‘உள்ளே ஆள்’ என்ற சிவப்பு அட்டையைப் பம்பு சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். யாரோ பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்ற அவசரத்தில் மேலாளர் அட்டையைக் கழற்றினார், மூடியைச் சாத்தினார், பம்பைப் போட்டார். அவள் தூரத்துப் படியிலிருந்து பார்த்தாள். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று விசாரணை அதிகாரி வருகிறார். ‘அட்டை மாட்டாமல் தன்னிச்சையாக இறங்கினான்’ என்று மேலாளர் எழுதிய தாளில் சாட்சியாக அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்பன் தன் தப்பாலேயே செத்தான் என்று கேட்டுக் கேட்டுத்தான் தம்பி மகள் வளர வேண்டும்.

முள் இப்படி ஆடுகிறதென்றால் எங்கோ கசிவு இருக்க வேண்டும். அவள் ஷேவிங் நுரையை எடுத்துக் குழாய்ச் சந்துகளிலெல்லாம் தடவினாள். ஓட்டை இருந்தால் தொட்டி நுரையை உள்ளே இழுக்கும், அந்த இடத்தில் குழி விழும். பம்பின் இரைச்சல் பல்லுக்குள் அதிர்ந்தது, அழுகிய பாசியின் வாடையோடு நுரையின் இனிப்பு வாசனை கலந்து குமட்டியது. எந்தச் சந்திலும் குழி இல்லை. கடைசியாக ஆள் இறங்கும் மூடியைச் சுற்றித் தடவினாள்.

நுரை குழிந்தது. பிறகு வெளியே உப்பியது.

இழுக்கத்தான் முடியும் அந்தத் தொட்டிக்கு. ஊத முடியாது.

“இன்னும் கையெழுத்துப் போடலையா நீ?” மேலாளர் தாளும் பேனாவுமாகப் பின்னால் நின்றார்.

“சார், இந்த மூடியக் கொஞ்சம் பாருங்க.”

“மூடி எங்கயும் ஓடாது. மொதல்ல இதுல போடு. செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போறான்? இருக்கறவங்க பொழப்பப் பாரும்மா.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “அட்டையக் கழட்டினது நீங்க. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.”

“யாரு, நானா? அவன் அட்டையே மாட்ட...”

சொல் பாதியில் மெலிந்தது. மூடியைச் சுற்றியிருந்த நுரை முழுவதும் சரக்கென்று உள்ளே போனது. மேலாளரின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. மார்பு உள்ளடங்கியது. மறுபடி எழவில்லை.

அவள் பாய்ந்து பம்பை நிறுத்தினாள். ஆயிரம் கோபம் இருந்தாலும் நிறுத்தத்தான் கை போயிற்று.

இரைச்சல் அடங்கியது. அமைதி.

“அட்டையக் கழட்டினது நான்தான்.”

மேலாளரின் குரல். தொட்டிக்குள்ளிருந்து.

“உள்ள ஆள் இருக்கான்னு தெரியும். அஞ்சு நிமிஷம்தானேன்னு நெனச்சேன்.”

வெளியே அவர் பேனாவை நீட்டியபடியே நின்றார். உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன. இமை கொட்டவில்லை.

“பேசட்டும் அக்கா,” என்றது உள்ளே இன்னொரு குரல். “தடுக்காத.”

கதவு திறந்தது. விசாரணை அதிகாரி. அவள் ஓடினாள். உண்மை அங்கே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது, கேட்க ஆளும் வந்தாயிற்று. அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“சார், கேளுங்க! என் தம்பி மேல தப்பில்ல!”

அவள் தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த வார்த்தைகள் இரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டன. அவளுடைய குரலில்.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். இழுக்க ஒன்றுமில்லை.

அதிகாரி முகம் வெளுத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து மூடியில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து அவளிடம் ஏதோ கேட்டார். உதடுகள் மட்டும் அசைந்தன.

“உள்ள எத்தனை பேரும்மா இருக்காங்க?” என்றது தொட்டி.