இரண்டடிக்கு மேல்

மழை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. வீதியின் நடுத்திட்டில் ஒருத்தி நின்று, மீன் வெட்டும் கத்தியால் கடதாசிப்பூச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

லோறன்ஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"ரீச்சர்! ஆரைக் கேட்டு வெட்டுறியள்?"

அவள் திரும்பினாள். இமைகளில் மழைத்துளிகள்... பெரிய கண்கள். அழுது சிவந்த கண்கள்.

"கேக்கிறதுக்கு நீங்கள் ஆர்?"

"இதை நட்டவன். லோறன்ஸ். வீதி அபிவிருத்திக் கந்தோரிலை ரி.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர்."

"ஓ... நட்டவரோ? அப்ப ஆக்கள் கடக்கிற மஞ்சள் கடவையிலை வந்து கொஞ்சம் முழங்காலிலை நில்லுங்கோ."

"என்ன?"

"கோயிலிலை மட்டும்தானோ நிப்பியள்?"

அவன் முழந்தாளிட்டான். இப்போது அவன் கண்கள் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்தன. முன்னால் இலைகள். இளஞ்சிவப்புப் பூக்கள். வேறொன்றுமில்லை. ஒரு லொறியின் இரைச்சல் கேட்டது... லொறி தெரியவில்லை. தெரிந்தபோது அது முகத்துக்கு நேரே வந்துவிட்டிருந்தது. தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"பெற்றிசியாவும் இப்பிடித்தான் பாத்திருப்பாள்" என்றாள் அவள்.

பெற்றிசியா, அவளுடைய இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஒன்பது நாட்களுக்கு முன், கடவைக்காக நடுத்திட்டில் விட்ட இதே இடைவெளியால் ஓடி வந்து, ஒரு வான் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனாள்.

மன்னாரில் ஒரு நடுத்திட்டைப் பச்சையாக வைத்திருப்பது லேசான வேலையல்ல. உப்புக் காற்று, மணல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுதைகள். முதலில் நட்டவற்றை அவை ஒரே நாளில் தின்று தீர்த்தன. அதனால்தான் லோறன்ஸ் முள்ளுள்ள கடதாசிப்பூவைத் தேர்ந்தான். ஆனால் அதற்கொரு விதி உண்டு. கடவைக்கு இரண்டு பக்கமும் நூறடி தூரத்துக்குச் செடி இரண்டடிக்கு மேல் உயரக் கூடாது. அப்போதுதான் பிள்ளையின் தலை இலைகளுக்கு மேலே தெரியும். கண்டு, பிரேக் பிடித்து, வண்டி நிற்க அந்த நூறடி வேண்டும். மழைக்காலத்தில் செடி இரண்டு கிழமையில் ஒரு சாண் வளரும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும்.

இந்த ஒக்ரோபரில் வெட்டவில்லை.

மறுநாள் அவன் ஆட்களோடு வந்து கடவையருகே செடிகளை வேரோடு பிடுங்கினான். அந்த இடத்தில் கடற்கரை அடம்பன் கொடியை நட்டான். அது கணுக்காலுக்கு மேல் எழும்பாது. பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் வந்து மண்ணில் குந்தினாள். அவள் பெயர் அன்ரோனெற்.

"இதைக் கழுதை தின்னாதோ?"

"ஒருக்காக் கடிச்சுப் பாக்கும். பிறகு முகத்தைச் சுழிக்கும்... நீங்கள் என்னைப் பாத்துச் சுழிக்கிற மாதிரி."

"அப்ப நான் கழுதையோ?"

சிரித்துவிட்டாள். உடனே வெட்கினாள். குழந்தை செத்த இடத்தில் என்ன சிரிப்பு... அவனும் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

விபத்தைப் பற்றிக் கந்தோரில் விசாரணை நடந்த நாளில் அவள் பின்வரிசைக் கதிரையில் இருந்தாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. செபமாலை மாதமான ஒக்ரோபர் முடியும்வரை செடிகளை வெட்டவேண்டாம், மாதா சொரூபத்துக்குப் பூ வேண்டும் என்று கந்தோருக்குக் கடிதம் எழுதியவள் அவள்தான்.

"ஏன் வெட்டேல்லை?" என்று கேட்டார்கள்.

'இப்போது கடிதத்தை வாசிப்பான்...' அவள் கண்களை மூடினாள்.

"நான் மறந்திட்டன், சேர்" என்றான் லோறன்ஸ்.

தண்டனையாக அவனைத் தெற்கே தூரத்து மறிச்சுக்கட்டிப் பக்கம் மாற்றினார்கள். அவள் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோயில் பங்குச் சனம் முழுக்க மதிக்கிற ரீச்சர்... வாயே திறக்கவில்லை.

அவன் புறப்படும் நாள், கடவையில் தொப்பலாக நனைந்தபடி காத்திருந்தாள்.

"கடிதத்தை ஏன் காட்டேல்லை? அது நான் எழுதினதெண்டு தெரியுந்தானே?"

"ஓம். உங்கடை பேர் இருந்தது."

"என்னிலை இரக்கமோ? அது எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளையை நான்தான்..."

"பொறுங்கோ." சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினான். அடியில் அவன் கையெழுத்து: 'வெட்டவேண்டாம்.'

"விதி எனக்குத் தெரியும், ரீச்சர். உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுகொண்டும் ஒப்பம் வைச்சனான்."

"மாதாவுக்காகவோ?"

"இல்லை. விடியக்காலமை நீங்கள் பூப் பறிக்க வருவியள். நானும் வேலைக்கு வெள்ளன வந்து கந்தோர் யன்னலாலை பாப்பன்... ஒரு மாசம் பாக்கலாமெண்டு ஆசைப்பட்டன். உங்களை விரும்பினதாலைதான் அந்தச் செடி வளந்தது. இதை எப்பிடிச் சொல்லுறது?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனை வெறுக்க முயன்றாள்... முடியவில்லை.

கடிதத்தை நனையாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வாங்கோ. பெற்றிசியாவின்ரை அம்மாவிட்டை இதைக் குடுப்பம்."

"இரண்டு பேருமோ?"

"ஓம். அவ அடிச்சாலும் ஏசினாலும், இரண்டு பேரும் நிப்பம்."

"பிறகு?"

"பிறகு... நானும் உங்களை விரும்புறன், லோறன்ஸ். ஆனா அவவின்ரை வீட்டுப் படலையைத் தாண்டி வெளியிலை வந்தாப் பிறகுதான் திருப்பிச் சொல்லுவன்."

அவன் மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டான். இருவரும் இரண்டு பக்கமும் பார்த்துக் கடவையைக் கடந்தார்கள். அடம்பன் இலைகளுக்கு மேலாக, தூரத்தில் வந்த லொறி நன்றாகத் தெரிந்தது.