கண் திறக்காத அம்மன்

ராணுவச் சாவடியைத் தாண்டி, தார் ரோடும் முடிந்து, பிக்கப் வண்டி கல்லும் மண்ணுமாகக் கிடந்த மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சடையப்பனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிங். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, டிங், டிங். இன்ஜின் இரைச்சலுக்கும் டயருக்கடியில் நொறுங்கும் சரளைக்கும் நடுவே மெல்லிசாக, ஊசி நுழைவதுபோல் நுழைந்தது.

"ஜாக்கி கம்பி ஆடுது போல கீது. நிறுத்து மச்சான், பாத்துட்டு வரேன்."

ரவிச்சந்திரன் வண்டியை மலைச்சுவரோடு ஒட்டி நிறுத்தினான். சடையப்பனின் மனைவி சுஜாதாவுக்கு ஒரே தம்பி அவன். அச்சரப்பாக்கத்துக்காரன். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளைப் பார்த்தே வளர்ந்து, சின்ன வயதிலேயே சொந்த வண்டி வாங்கியவன். இமாச்சலத்து மலைகள் கண்ணில் பட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய ரோட்டில் மலை சரிந்து கிடக்கிறது, போவதென்றால் இந்த ஜீப் பாதையில்தான் போக வேண்டும் என்று சாவடிச் சிப்பாய் கையைக் காட்டியபோது, சடையப்பன் தயங்கினான். ரவி விசிலடித்தான்.

"இன்னா இடம் மாமா இது! அந்த மேடு தாண்டினா சீனாவாமே?"

சடையப்பன் இறங்கி எட்டிப் பார்த்தான். பாதையின் விளிம்பு அவன் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி முடிந்தது. அதற்குக் கீழே பார்வை இறங்கிக்கொண்டே போய், கடைசியில் பச்சைக் கண்ணாடித் துண்டு மாதிரி ஓர் ஆறு. எதிரே பனி மூடிய சிகரங்கள் மதிய வெயிலில் கண்ணைப் பறித்தன. ஒரு மரம் இல்லை, ஒரு பறவை இல்லை. மாமல்லபுரத்தில் பிறந்து கடல் இரைச்சலை விட்டு நகராதவனுக்கு இந்த நிசப்தம் காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது.

ஜாக்கி கம்பி கோணியில் சுற்றிக் கட்டியபடியே கிடந்தது. ஆடவே வழியில்லை.

பின்கதவுப் பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கினான். அம்மன் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆள் உட்கார்ந்த உயரத்துக்குக் கருங்கல் சிலை. சுற்றிலும் வைக்கோல் திணித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, முகம் பின்கதவைப் பார்க்க ஏற்றியிருந்தார்கள். கண்ணை மறைத்து வெள்ளைத் துணி. எல்லையோரக் கடைசி ஊரில், ரோடு போட வந்து அங்கேயே தங்கிவிட்ட நம் பக்கத்து ஆட்கள் கட்டிய சின்னக் கோயிலுக்காகச் சடையப்பனின் பட்டறையில் செய்த சிலை அது. மூக்கு, உதடு, தோடு எல்லாம் முடிந்தாயிற்று. கண் வரவேண்டிய இடத்தை மட்டும் வழவழவென்று மேடாக விட்டிருந்தார்கள். கோயிலில் நிறுத்திய பிறகு அதைத் திறக்கத்தான் சடையப்பன் கூட வந்தான். எத்தனையோ சிலைக்குத் திறந்திருக்கிறான். ஒருமுறைகூட நேர் எதிரே நின்றதில்லை. பக்கவாட்டில் நின்றுதான் உளி வைப்பான். அதன் முதல் பார்வை மனுஷன் மேல் விழக்கூடாது.

எல்லாம் வைத்தபடிதான் இருந்தது. ஆனால் துணியின் கீழ் ஓரத்தில், கன்னத்து வளைவில், கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். உளி பட்டுச் சூடேறிய கல்லின் வாசனை. ஏற்றுவதற்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவனே கழுவிய முகம் அது.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. போலாம்."

வண்டி நகர்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை ஜாக்கி என்று சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. கல்லைப் பிளக்கும் உளிக்கு ஒரு சத்தம் உண்டு, முகத்தை மெருகேற்றும் உளிக்கு ஒரு சத்தம் உண்டு. இது கடைசி வேலைக்கு எடுக்கும் பொடி உளியின் சத்தம். சுத்தியலை ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டுகிற சத்தம். அவன் உளிகள் எல்லாம் அவன் மடியில், பைக்குள் கிடந்தன. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் கேக்குதா மச்சான்?"

"இன்னா சத்தம்?" ரவி இடது கண்ணைக் கசக்கினான். "கண்ணுல மண்ணு வுழுந்தா மாரி கீது மாமா. ஒரே பேஜாரு."

டிங். ரவியின் இமை துடித்தது.

டிங், டிங். இரண்டு முறை துடித்தது.

சடையப்பன் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மச்சானின் முகத்தையே பார்த்தான். கண்ணின் வெள்ளை ரத்தமாகச் சிவந்து, கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒவ்வொரு தட்டு விழும்போதும் அந்த இமை ஒரு முறை சுருங்கியது. சத்தமே கேட்காதவனின் இமை.

"திருப்பு. கீழ போயிடலாம்."

"எங்க திருப்பறது? கோழி திரும்பக்கூட எடமில்ல." ரவி சிரித்தபடியே ஷிம்லா நடைபாதையில் வாங்கிய கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினான். "பனி வெளிச்சம் மாமா. கண்ணு கூசுது, அவ்ளோதான்."

ஒரு வளைவு தாண்டி, பனி உருகிய தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடிய இடத்தில், சடையப்பன் கதவைத் தட்டி நிறுத்தச் சொன்னான். சிலையைக் கயிறு அறுத்து இங்கேயே உருட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் பிறகு. கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கால் நனையப் பின்பக்கம் ஓடினான். கையில், உளிப் பையிலிருந்து எடுத்த கத்தி. தார்ப்பாயைத் தூக்கினான்.

முகம் இல்லை.

முதுகு இருந்தது. மகுடத்தின் பின்வட்டம். தோளில் புரளும் சடை. அவனே செதுக்கிய சடை. அம்மன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி.

நாலு ஆள் சேர்ந்து ஏற்றிய கல். கயிறு தளரவில்லை. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

"ரவி! எறங்கு! வண்டி கெடக்கட்டும், எறங்குடா!"

"மண்ணு எளகுது மாமா, சீக்கிரம் ஏறு!" டயர்கள் சேற்றில் சுழன்றன. வண்டி விளிம்புப் பக்கம் அரை அடி வழுக்கி, பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. ஒரு நொடி சடையப்பன் அங்கேயே நின்றான். நின்றுவிடலாம். நடந்தே சாவடிக்குப் போய்விடலாம். வாசலில் நின்று ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே, "அவன் கொழந்த மாரி. நீதான் பாத்துக்கணும்" என்று சுஜாதா சொன்னது காதில் விழுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். ஆடிக்கொண்டிருந்த கதவைப் பிடித்து, கால் இழுபட, உள்ளே விழுந்தான்.

"நிறுத்து மச்சான். உன் காலப் புடிக்கிறேன். நிறுத்து."

"ஏத்தத்துல நிறுத்தினா பின்னால போயிடும் மாமா. மேல போயி நிறுத்தறேன்."

டிங், டிங், டிங். இப்போது காதுக்குப் பக்கத்தில். வேகமாக. வேலை முடியப்போகிற அவசரத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொடி உதிரும் சரசரப்புகூடக் கேட்டது. கல் வாசனை வண்டிக்குள் நிறைந்தது. சடையப்பன் திரும்பவில்லை.

பிறகு நின்றது.

இன்ஜின் மட்டும் இரைந்தது. பாதை ஏறியது. வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் ஒன்றுமில்லை.

"ஏன் மாமா," என்றான் ரவி, "அதுக்குள்ள இருட்டிகினு வருது?"

வெயில் சடையப்பனின் புறங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"பிரேக் போடு."

"ஒண்ணுமே தெரில மாமா. லைட்டு எங்க..."

"ரவி! பிரேக்!"

வளைவு வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் வானம். சடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் ரவியின் கைகள் தாமாகவே அதைத் திருப்பின. பதறாமல். அளவாக. விளிம்புக் கல்லை உரசாமல் வண்டி வளைந்து நிமிர்ந்தது.

"வந்துடுச்சு." ரவி மூச்சு விட்டான். "இப்ப தெரியுது. நல்லா தெரியுது மாமா."

அடுத்த வளைவு. அதற்கடுத்தது. ஒரு குழியில்கூட டயர் இறங்கவில்லை.

சடையப்பன் கையை நீட்டி, கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

புருவம் இருந்தது. புருவத்துக்குக் கீழே இமை இல்லை. மயிர் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. கன்னம் வரை வழவழவென்று மேடாக, தோல்.

ரவிக்குத் தெரியவில்லை. உதடு சிரித்தது. கை ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே இருந்தது.

"ஆனா ஒண்ணு மாமா. பின்னாலேர்ந்து தெரியுது. என் தலை தெரியுது. உன் பின்மண்ட தெரியுது."

வண்டி ஏறியது.

"கொஞ்சம் திரும்பேன் மாமா. உன் மூஞ்சியப் பாக்கறேன்."

சடையப்பன் திரும்பவில்லை. பிடரியில் கண்ணாடியின் குளிர். ஆனால் முகத்துக்கு நேரே, மேலே, பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடி தொங்கியது. பார்வையைத் தாழ்த்துவதற்குள் பார்த்துவிட்டான். அந்தக் கண்ணாடி நிறையக் கறுத்த கல் முகம். கட்டியிருந்த துணி இல்லை. அதில், ரத்தம் பாரித்த வெள்ளையோடு, ஈரமாக இரண்டு கண்கள். ரவியின் கண்கள். கண்ணீர் வழிய, ஒருமுறை சிமிட்டிவிட்டு, அவனையே பார்த்தன.