இரண்டாவது முறை போட்ட சர்க்கரை

அவன் தலையில் முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று...

"உள்ளேயும் மழையா?" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"மழை இல்லை, என் குடை. நீங்க படுத்திருக்கிறது என் மேஜை."

அப்போதுதான் கண்ணைத் திறந்தான். ஓரம் சிவந்த, தூக்கம் போதாத கண்கள். ஆனால் அதற்குள் ஒரு சிரிப்பு எழுந்து உட்கார்ந்திருந்தது. அவள் சட்டென்று குடையைப் பார்த்தாள். குடையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

வீட்டிலேயே நுரைக்கும் ஒயின் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் முதல் வியாழக்கிழமை அது. மேஜைக்கு இரண்டு பேர் என்று டீச்சர் சொல்லிவிட்டதால், அவன் எழுந்து போகவும் வேண்டியிருக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, தன் மூச்சை எப்போது விட்டோம் என்பதே மறந்துபோகும். ஈய அங்கியைக் கழற்றி மாட்டிய பிறகும் அதன் கனம் தோளிலேயே இருக்கும். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பகல் முழுவதும் இருட்டுக் கூண்டுக்குள் நின்றுவிட்டு, மாலையில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவான்.

ஜாடியில் திராட்சைச் சாறு புளித்தது. மூடியில் பொருத்திய சின்னக் குழாய் வழியே குமிழிகள் வந்தன. அவள் நோட்டுப் போட்டுக் கணக்கெடுத்தாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"நேரம், சூடு, நிமிஷத்துக்கு எத்தனை குமிழி."

"நான் தூங்கினதையுமா?"

"பத்தொன்பது நிமிஷம்."

"அவ்வளவுதானா? ராத்திரி பூரா தூங்கின மாதிரி இருந்துச்சே... நல்ல இடம்ங்க இது."

'இது' என்றபோது அவன் மேஜையைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைகளில் மட்டும் தனக்குக் கால் வலிப்பதில்லை என்று மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தாள். தற்செயலாக இருக்கலாம்... இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். பார்த்தாள். வலிக்கவில்லை. இந்த இரண்டு மணி நேர வகுப்பும் இல்லாமல் போனால்? அந்தக் கேள்வியை மட்டும் அவள் நோட்டில் எழுதவில்லை.

ஆறாவது வாரம் ஒயின் தெளிந்தது. புட்டியில் அடைப்பதற்கு முன் சர்க்கரைப் பாகு சேர்க்க வேண்டும். மூடிய புட்டிக்குள் அது மறுபடி புளித்துக் காற்றாகும். அந்தக் காற்றுதான் நுரை. "குறைஞ்சா நுரைக்காது, கூடினா புட்டி தாங்காது" என்று டீச்சர் எச்சரித்தார். அன்று அவள் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவன் குழாயடியில் புட்டி கழுவ, அவள் பாகை அளக்க, நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்... எப்படியோ பன்னிரண்டு புட்டிகளை அடைத்து மூடினார்கள். அவள் வீடு வெயில் இறங்கும் மேல்மாடி, புட்டிகளுக்குச் சூடு ஆகாது. அதனால் இருவருமாகப் புட்டிகளை அவன் வீட்டுக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு அவன் தாமதமாக வந்தான்.

"மூணு புட்டி வெடிச்சிடுச்சுங்க."

அவளுக்குள் எதுவோ அறுந்தது. "சர்க்கரை கூடினாத்தான் வெடிக்கும். நான் சரியாத்தான் போட்டேன். நான் போன் பேசப் போனப்ப நீங்க தூக்கக் கலக்கத்துல மறுபடி ஊத்தியிருக்கீங்க."

"நான் தொடவே இல்லைங்க..."

"இதோ, எல்லாம் எழுதியிருக்கேன், பாருங்க!" அந்தப் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் தள்ளினாள். "நிமிஷத்துக்கு ஒரு கொட்டாவி விடற ஆளை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் படித்தான். நோட்டை மூடி, மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான். கண்ணுக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சிரிப்பு எழுந்து வெளியே போவதை அவள் பார்த்தாள்.

"மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான். அடுத்த வியாழக்கிழமை அவன் வரவில்லை.

அன்று அவளுக்குக் கால் வலித்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். அவள் கையெழுத்தில், 'சர்க்கரைப் பாகு சேர்த்தாச்சு, 6.10.' அதற்குக் கீழே, அதே கையெழுத்து கொஞ்சம் சாய்ந்து... 'சர்க்கரைப் பாகு சேர்த்தாச்சு, 6.25.'

நடுவில் அந்த போன்.

இதைத்தான் அவன் படித்தானா? படித்துவிட்டா பேசாமல் மூடினான்?

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கேட்டுவிட்டாள்.

"என்னடி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"ஒருத்தரை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன்மா. தப்பு என்னோடது."

"போய்ச் சொல்லிட்டு வா. சொன்னா என்ன, கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"நாளைக்குப் போறேன்."

"நீ நிக்கிற நிலையைப் பார்த்தா நாளை வரைக்கும் தாங்காது போலிருக்கே..." அம்மா குடையை எடுத்து நீட்டினாள்.

கதவைத் திறந்தவன் தலையில் ஹெல்மெட். கையில் தடித்த உறை.

"நீங்களா..."

"எங்கேயாவது கிளம்பிட்டீங்களா?"

"குளியலறைக்குத்தான்" என்றான், சிரிக்காமல்.

வாளியில் பனிக்கட்டி. அதற்குள் ஒரு புட்டி, மேலே ஈரப் போர்வை. குளிர்ந்தால் கொஞ்சம் அடங்குமாம். மூடியைத் துளி தூக்கினால் அதிகக் காற்று வெளியேறும். மறுபடி அழுத்தி மூடிவிடலாம். வேலைவிட்டு வந்து, தினமும் ஒன்றாக, ஒன்பது புட்டிகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். இது கடைசிப் புட்டி.

"ரெண்டு தடவை போட்டது நான்தான்." சொல்லிவிட்டாள்.

"தெரியும். நீங்கதானே காட்டினீங்க."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. நீங்க வேற நின்னுட்டே விழற மாதிரி இருந்தீங்க... அதுக்கு மேல ஒரு பாரம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"பின்னே ஏன் வகுப்புக்கு வரலை?"

"கோபம்தான், மேடம். நிமிஷத்துக்கு ஒரு கொட்டாவியா? எண்ணினீங்களா?"

"எண்ணலை. அது சும்மா சொன்னது... மன்னிச்சிடுங்க."

அவன் புட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். மூடியைத் தூக்கியதும் புட்டியிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு... வெளியே ஜன்னலில் மழை. அவள் அவன் உறையைக் கழற்றி, அழுக்கான துணியை அவிழ்த்து, விரலைக் கழுவிப் புதிதாகக் கட்டினாள். அன்று வகுப்பில், இந்த விரலுக்கு என்ன ஆச்சு என்றுகூட அவள் கேட்டிருக்கவில்லை.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் அசையவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள்ளேயே சொன்னேனா? சந்தேகம் வந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வெளியே போயிருந்த சிரிப்பு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"முதல் தடவையே கேட்டுச்சுங்க."

"கேட்டுட்டுமா பேசாம இருந்தீங்க?"

"நீங்கதான் எதையும் ரெண்டு தடவை போடுவீங்களே... எனக்கு ரெண்டும் வேணும்னு இருந்துச்சு."

அவள் மூச்சை விட்டாள்.