மகராசி திறந்த கதவு

அந்தப் பழைய கேரவனை எங்களுக்கு விற்ற அம்மா ஒரு முறைகூட அதற்குள் ஏறவில்லை. கீழே நின்றபடியே அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் கையால் காட்டினார். எங்கள் காலடியில் கிடந்த நாய் தடியனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“நாய் இருக்குன்னு சொல்லலையே?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதை உள்ள விட்டுக் கதவை மட்டும் பூட்டிடாதீங்க.”

“பூட்டாம போனா நாய் இருக்கும், வண்டி இருக்காது” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

அவர் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். தண்டவாளம் இல்லாத பாதையில் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. பிள்ளை இல்லாத எங்களுக்குத் தடியன்தான் எல்லாம். குட்டைக் கால், பெருத்த வயிறு. நடந்தால் தரையைப் பெருக்கிக்கொண்டே போவான்.

ஏரிக்கரையில் கண் விழித்தோம். மலையடிவாரத்தில் துணி உலர்த்தினோம். தேநீரில் தடியனின் முடி மிதந்தது. மழை பெய்தால் மூன்று பேர் மீதும் ஒரே நாற்றம். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டிய நாளில் மட்டும் அவருக்குத் தவறாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்படியும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒன்றுதான் சரியில்லை. மதியமானால் தடியன் வண்டிக்குள் ஏற மாட்டான்.

ஒரு நாள் அவனை வலுக்கட்டாயமாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது தரையில் நகச் சத்தம் கேட்டது. டக், டக், டக். கட்டிலடியிலிருந்து கதவு வரை போய் நின்றது.

தடியன் என் மடியில் நடுங்கினான்.

“எலியா இருக்கும்” என்றார் அவர்.

“எலி இவ்வளவு கனமாவா நடக்கும்?”

“அப்ப பேயா? ஊரை விட்டுட்டு நம்ம வண்டிக்குத்தான் டிக்கெட் எடுத்துச்சாக்கும்.”

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். கேரவன்கள் நிறுத்தும் மைதானத்தில் மின்சார இணைப்பு எடுத்திருந்தோம். கேஸ் தீர்ந்திருந்தது. அந்த வெயிலில் தடியனை இழுத்துப்போவது பாவம் என்று ஏசியைப் போட்டு, ஜன்னல்களை எல்லாம் அடைத்தோம். அவன் முரண்டு பிடித்தான். நான்தான் தூக்கி உள்ளே விட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு வாடகைக் காரில் கிளம்பினோம்.

சிலிண்டருக்காகக் காத்திருந்தபோது, கடையில் மின்விசிறி நின்றது.

“ஊர் முழுக்கப் போயிடுச்சு. எப்ப வருமோ” என்றார் கடைக்காரர்.

ஏசி.

சிலிண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முடிவே இல்லாமல் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டிய மனிதர் அன்று அந்த ரயிலை வாய்விட்டுச் சபித்தார். நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

மைதானத்துக்குள் நுழைந்ததும் பார்த்தோம். கதவு திறந்து கிடந்தது.

சாவி அவர் கையில் இருந்தது.

வண்டிக்கடியில், நிழலில் படுத்திருந்த தடியன் எங்களைப் பார்த்து வாலை ஆட்டினான். அவனை அள்ளி எடுத்து ஓவென்று அழுதேன்.

வாசலிலிருந்து அனல் அடித்தது. கூடவே ஈர முடியின் வாடை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பூப்போட்ட தாள் கிழிந்து தொங்கியது. அதனடியில் பழைய கீறல்கள். அவற்றின் மேல் புதிய கீறல்கள், என் மார்பு உயரத்துக்கு. தடியன் பின்னங்காலில் நின்றாலும் என் முழங்காலைத் தாண்ட மாட்டான். கதவைத் திறக்கத் திருகும் பிடியிலிருந்து எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஏதோ மூச்சிரைத்தது.

தடியன் என் கையில் இருந்தான்.

வண்டியை விற்ற அம்மாவுக்குப் போன் செய்தேன். யாரென்று சொன்னதுமே அவர் கேட்டார், “உங்க நாய் உயிரோட இருக்கா?”

“இருக்கான். பூட்டின கதவு தானா திறந்திருக்கு.”

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. “எங்க நாய் மகராசிம்மா அது. ஏசியைப் போட்டுட்டு, இதோ வந்துடறோம்னு போனோம். கரண்ட் போனது எங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு அவளுக்குத் திறந்துவிட ஒருத்தரும் இல்ல.” பிறகு, “அவ எம்மேல கோவமா இருக்காளாம்மா?”

போனை ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டி வண்டியின் தரையில் வைத்தேன்.

“நீங்களே கூப்பிடுங்க.”

“மகராசி... அம்மா வந்துட்டேன்டி...”

மூச்சிரைப்பு நின்றது. நகங்கள் ஓடி வந்தன. போனுக்குப் பக்கத்தில் ஏதோ கனமாகப் படுத்தது.

பிறகு பலகைத் தரையில் வால் அடித்தது.

பட். பட். பட்.

“கேக்குது” என்று விம்மினார் அந்த அம்மா. “கேக்குதும்மா.”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்து அணையும் வரை பேசினார். என் வீட்டுக்காரர் கதவுப் பூட்டைக் கழற்ற உட்கார்ந்தார். நான் இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அணைந்த போனுக்குப் பக்கத்தில் வால் அடித்துக்கொண்டே இருந்தது.