உப்புப் பூத்த சுவர்

சாந்து பூசி இருபத்தொரு நாளாகியும் அந்த ஒரு சுவர் மட்டும் காயவில்லை. அசர் தொழுகைக்குப் பின் அறைகளைப் பூட்ட வந்த நஸ்ஹா மணவறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈரச் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு குதிகால்கள் போல, பக்கத்தில் பக்கத்தில்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த உப்பு அவள் போட்டது.

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். புடவை வியாபாரத்தில் செழித்த பூட்டன் வாவியைப் பார்க்கக் கட்டிய இந்த மாடிவீடும் மகள் வழியாகவே இறங்கி வந்தது. சூறாவளி தூக்கிய கூரையை உம்மாவின் தாய் மூத்தம்மா மறுபடி போட்டாள். கறையான் தின்ற கதவுகளை உம்மா மாற்றினாள். நஸ்ஹாவின் கலியாணத்தின்போது வீட்டைத் திருத்த வசதி இல்லையென்று, பின் ஒழுங்கையில் இரண்டறைப் புது வீடொன்றைக் கட்டிக் கொடுத்தார் வாப்பா. இப்போது வசதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கலியாணம், பழைய வீடு தங்கை ரிப்காவுக்கு. வேலையை மேற்பார்க்க மட்டும் மூத்தவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆற்று மணல் வர இரண்டு நாள் தாமதமானபோது, வாவிக்கரை மணலையே சாந்தில் குழைக்கச் சொன்னவள் அவள்தான். மேசன் கனகசிங்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அது உப்பு மணல் தங்கச்சி. சுவர் பூத்துக் கொட்டுண்டு போகும்.”

“வாப்பாதான் சொன்ன. நீங்க பூசுங்க.”

மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டுமே. தனக்குக் கிடைக்காத சுவர் தங்கைக்கும் நிலைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செவ்வாயன்று குதிகால்களுக்கு மேல் பாவாடை விளிம்பு தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். புதனன்று முதுகும் தோளும் முக்காடும் வந்திருந்தன. ஒரு பெண் சுவருக்குள் நின்று, அறைக்கு முதுகு காட்டி, வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் சேறும் பழைய மீனும் நாறின. ரிப்காவின் உருவமோ என்று நினைத்தபோது நஸ்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. துடைக்காமல் விட்டாள்.

வேலை முடியும்வரை வேறு வீட்டில் தங்கியிருந்த ரிப்கா அன்று மாலை போன் பண்ணினாள்.

“ராத்தா, என்ட அறை எப்படி இரிக்கி?”

“அழகா இரிக்கி.”

என்ட அறை. அந்தச் சொல் இரவெல்லாம் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் வந்தாள். வேலையாட்கள் போய்விட்டார்கள். கீழே வாவித் தண்ணீர் படிக்கட்டை நக்கும் சத்தம், மேலே ஓட்டுக்குள் வௌவால் அசையும் சத்தம், அவற்றுக்கு நடுவே சுவருக்குள்ளிருந்து ஈரத்துணி உரசுவதுபோல் இன்னொரு சத்தம். உருவம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது. ரிப்காவின் தோளில் சரிவில்லை. இந்த வீட்டு மாடிப்படியில் ஏழு வயதில் உருண்டு விழுந்தவள் நஸ்ஹா.

ஓடியிருக்கலாம். பொறாமை விடவில்லை. தங்கையின் அறையில் தன் உருவம் நிற்கிறது என்பதில் ஓர் ஓரமாக இனித்தது.

“இது என்ட வீடு,” என்று சொல்லிக் கையைச் சுவரில் வைத்தாள்.

சாந்து மெத்தென்று இருந்தது. குளிர்ந்தது. விரல்கள் அமிழ்ந்தன. இழுத்தாள். வரவில்லை. மணிக்கட்டு. முழங்கை. வாயில் உப்பு. பள்ளிவாசல் பாங்கு கேட்டது. பிறகு அதுவும் தூரமாகிவிட்டது.

வெளிச்சம் வந்தபோது அறை நிறைய ஆட்கள். மருதாணிக் கையோடு ரிப்கா எதிரே நின்றாள். நஸ்ஹா கூப்பிட்டாள். உதட்டிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

“ராத்தா எங்க, வாப்பா? ராவு வீட்டயும் போகல்லயாம்.”

“தேட ஆள் அனுப்பிரிக்கன் மகள். நிக்காஹ் நேரமாகுது.”

“இந்தச் சுவரப் பாருங்க. ஆரோ நிக்கிற மாதிரி இரிக்கி.”

“உப்பு. மாப்பிள்ளை வீட்டாக்கள் கண்டா குறையாப் போகும். அலுமாரியத் தள்ளி மறைங்க.”

நாலு பேர் தேக்கு அலுமாரியைத் தள்ளினார்கள். கால்கள் சிமெந்துத் தரையில் கிறீச்சிட்டன. மரப்பலகை அவள் முகத்தை நோக்கி வந்தது. ஜன்னல் போனது. கட்டில் போனது. ரிப்காவின் முகம் பாதி, பிறகு ஒரு கண், பிறகு காதுத் தோட்டின் மினுக்கம்.

பலகை மூக்கில் முட்டியது. அந்தப் பக்கம் ரிப்கா கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நஸ்ஹாவுக்குக் கண்களை மூட இமைகள் இல்லை.