டாங்கியில் ஒரு மயிரிழை

நேற்று சாயங்காலம் பெட்ரோல் டாங்கிக்குள் விட்ட குச்சி எட்டு விரற்கடை நனைந்து வந்தது. இன்று அதே குச்சி ஐந்து விரற்கடைதான் நனைந்திருந்தது. மோட்டார் வண்டியோ கொட்டகையை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. மரியகுழந்தை குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தான். ஐந்துதான்.

அவன் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டர். துரை சீமையிலிருந்து வண்டியை வரவழைத்த இந்த நாலு மாதமாக அதைத் துடைப்பதும் முடுக்குவதும் அவன் பொறுப்பு. போன வாரமும் பெட்ரோல் இப்படித்தான் குறைந்தது. ஒழுகுகிறதா பார் என்றார் துரை. அடைமழையில் வண்டிக்கடியில் ஈரத்தில் படுக்கச் சோம்பிப்போய், மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒழுகல் இல்ல தொரை, யாரோ எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டான். அன்றே காவல்காரன் பெருமாளைப் பங்களா மரத்தில் கட்டிப் பிரம்பால் அடித்தார்கள். "நான் தொடல சாமி, நான் தொடல" என்று குரல் அடங்கும்வரை பெருமாள் கத்தினான். மரியகுழந்தை அப்போது தலையைக் குனிந்தபடி சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காவலுக்கு இப்போது ஆளில்லை. பட்லர் ஆபிரகாம் பெரிய பூட்டோடு வந்து நின்றார்.

"தொரை கிளப்புக்குப் போறாரு. அவரு வர்ற வரிக்கும் நீ உள்ள இருக்கணுமாம். வெளிய பூட்டச் சொன்னாரு."

"பூட்டா? இன்னாத்துக்குண்ணா?"

"ஒழுகல் இல்லன்னு நீதான சொன்ன. நீ ஒருத்தனே உள்ள இருந்து எண்ணெ கொறஞ்சா, திருடன் யாருன்னு தெரிஞ்சிடுமாம்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "நெருப்புப் பெட்டி இருந்தா குடுத்துடு."

கொடுத்தான். கதவு மூடியது. சாவி திரும்பியது.

திருட்டுக்குப் பயந்து ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்துவிட்டிருந்தார்கள். கதவின் அடியில் நாலு விரல் இடுக்கு ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வழி. மேட்டுப் பக்கம் கல்லிடிக்கிற மில் இரவுபகல் ஓயாத அதே அடியை அடித்துக்கொண்டிருக்க, ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில், வண்டியின் வயிற்றுக்கடியில் எங்கோ ஏதோ ஒன்று மெல்ல மூச்சுவிடுவதுபோல அவனுக்குக் கேட்டது. வாசனையும் வழக்கமானதாக இல்லை. தித்திப்பாக, குளிர்ச்சியாக, தரையோடு தரையாகக் கிடந்தது அது. நின்றால் முழங்காலோடு நின்றுகொண்டது. குனிந்தால் தொண்டைக்குள் இறங்கியது.

சவுக்காரக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, நுரையை டாங்கியின் மூட்டு நெடுக விரலால் பூசிக்கொண்டே போனான். அடிப்பக்கத்து மூலையில் நுரை அசைந்தது. ஒரு குமிழ் எழுந்து உடைந்தது. அடுத்தது எழுந்தது. அடுத்தது. மயிரிழை அளவு விரிசல். போன வாரம் அவன் கை எட்டாத இடம். அவன் எட்டவிடாத இடம்.

பெருமாளின் முதுகு நினைவுக்கு வந்தது. உதறிவிட்டு, விரிசல் எவ்வளவு நீளம் என்று நகத்தால் நெருடினான். மூட்டு பிளந்துகொண்டது.

பனிக்கட்டி போன்ற குளிர் கையில் கொட்டியது. மார்பில், மடியில், தரையில். உள்ளங்கையால் பொத்தினான், விரலிடுக்கில் வழிந்தது. மிச்சச் சவுக்காரத்தைப் பிசைந்து பிளவில் அழுத்தி, மேலே துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டினான். நின்றது. அருமையான வேலை, இனி ஒரு மாதத்துக்கு ஒழுகாது. ஆனால் டாங்கியில் இருந்தது அத்தனையும் இப்போது வெளியே இருந்தது. தரை கதவுப் பக்கம் சரிவு. இடுக்கின் வெளிச்சத்தில், பெட்ரோல் ஆவி ஏறிய காற்று தண்ணீர்போல நெளிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினான். மில் தட்டியது. கத்தினான். மில் விழுங்கியது. தலை சுற்றியது. நாக்கு தடித்தது. மேலே நல்ல காற்று இருந்தது, அது அவனுக்குத் தெரியும். கால்தான் நிற்கவில்லை. இடுக்கில் கன்னம் பதிய விழுந்து கிடந்தான்.

வெளியே பொழுது மங்கிவிட்டது. காலடி.

"ஏங்க, உள்ளயா இருக்கீங்க? கஞ்சி கொண்டாந்தேன். இன்னா பூட்டிருக்கு?" அவன் பெண்சாதி ரத்தினம்மா.

"சாவி... பட்லரு..."

"சமையக்கட்டுல இருக்குமா? இருங்க, கேட்டு வாங்கியாரேன்." காலடி விலகியது.

இருட்டிவிட்டதே. அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினான். "வெளக்கு கொண்டாராத!"

கடைசி எழுத்துகளின்மேல் மில்லின் அடி விழுந்தது. காலடி நின்றது.

"இன்னாது? வெளக்கு கொண்டாரவா?"

"ரா... த..."

"செரி, செரி, கொண்டாரேன். இருட்டுல பயந்துட்டீங்களா?" லேசாகச் சிரித்துக்கொண்டே அவள் ஓடினாள்.

இடுக்கை அடைக்கணும். சட்டையைக் கழற்றித் திணித்தான். சட்டை பெட்ரோலில் சொட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தான். கையால் பொத்தினான். இடுக்கு நீளம். கை சின்னது.

மஞ்சள் வெளிச்சம்.

ஆடி ஆடி வந்தது. பெரிதானது.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பூட்டில் சாவி இடறியது. திரும்பவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது அவளுக்கு. விளக்கைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்து, இடுக்கு வழியே அவன் கண்ணைத் தேடினாள்.

"சாவி கெடச்சிடுச்சிங்க." பாதி முகம் வெளிச்சத்தில். சிரித்த முகம்.

அவள் தோளுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், சுடர் ஒல்லியாக நீண்டது. நுனி நீலமானது. காற்றே இல்லை. ஆனாலும் அது கதவைப் பார்த்துச் சாய்ந்தது.