ஊசிக்குழலில் உப்புநீர்

செவ்வாய்க்கிழமை, காலை 9.40. நுரையீரல் பிரிவின் மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். முந்தைய நாள்தான் அவள் நுரையீரலிலிருந்து நாய்ப்புழுக் கட்டியை, நாயிடமிருந்து தொற்றும் புழு கட்டிய நீர்க்கட்டியை, எடுத்திருந்தார்கள். முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியாக வலிமருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் அவளால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளே ஆன மயக்க மருத்துவர் ஜானில், அந்தக் குழாயில் மருந்து செலுத்திய ஊசிக்குழலைக் கழற்றிவிட்டுத் தன் கையால் மருந்து கலந்து வேறொன்றைப் பொருத்தினாள். இருபது நிமிடத்தில் அழுகை அடங்கியது. கழற்றியது ஆய்வகத்துக்குப் போனது. 11.15க்குப் பதில் வந்தது: வெறும் உப்புநீர்.

மதியம் 1.30க்குப் போலீஸ் காப்டன் ஜுமாதில் கணவாயைக் கடந்து வந்து சேர்ந்தார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இந்த மருத்துவமனையின் கோப்பு ஒரு மாதமாகவே அவர் மேசையில் கிடந்தது. பதினாறு பேருக்கு நுரையீரல் அறுவை நடந்ததில் ஆறு பேர் அறுவை மருத்துவர் எசென் மீது புகார் கொடுத்திருந்தார்கள். தையல் ஆறி மூன்று மாதம் ஆகியும் விலா ஓரம் தீயாய் எரிகிறதாம். கத்தி நரம்பில் பட்டுவிட்டதாம்.

எசென் தூங்கிப் பல நாள் ஆனது முகத்தில் தெரிந்தது. "இந்தப் பள்ளத்தாக்குலயே நெஞ்சைத் திறக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். என் கைதான் தப்புன்னா சொல்லிடுங்க, விட்டுடறேன். ஆறு மாசமா கத்தியத் தொடும்போதெல்லாம் பயமா இருக்கு."

"கை தப்பில்லாமலும் இப்படி வருமா?" என்று கேட்டார் ஜுமாதில்.

பதில் ஜானிலிடமிருந்து வந்தது. "வரும் சார். விலாவ அகட்டிப் பெருசாத் திறந்தா வாய்ப்பு அதிகம். நெஞ்சுக்குழாய் பல நாள் இருந்தா அதிகம். பொம்பளைங்க, வயசு கம்மியானவங்க, ரொம்பப் பயந்தவங்க, முன்னாடியே எங்கயாவது தீராத வலி இருந்தவங்களுக்கும் அதிகம். அதோட முதல் ரெண்டு மூணு நாள் வலிய அடக்கலன்னா, நரம்பு அதப் பாடமாப் பிடிச்சுக்கும். காயம் ஆறினாலும் விடாது."

வலிமருந்தைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பூட்டு, முத்திரை, எண்ணிக்கை எதிலும் குறையில்லை. உடைத்துக் காலியான மருந்துக் குப்பிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஒன்றுகூடக் குறையாமல் திரும்பியிருந்தது.

"குப்பி திரும்பி வந்துச்சு, மருந்து நோயாளிக்குப் போய்ச் சேரல," என்றார் ஜுமாதில். "கலக்கறது யாரு?"

இரண்டு தாதியர். மூத்தவள் பூருல், இளையவள் கிஷிம்ஜான். யார் கலந்தாலும் ஒவ்வொரு கலவைக்கும் இருவர் கையெழுத்தும் இருந்ததால் காகிதம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

2.20. ஜன்னல் திறந்திருந்த அறையில் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். மே மாதக் காற்று மலையிலிருந்து நேராக உள்ளே வந்தது. கிஷிம்ஜான் அந்தக் காற்றிலேயே உட்கார்ந்து வெடித்தாள்.

"என் தம்பி போன வருஷம் போதை மாத்திரை வித்து மாட்டினான். அதனால என்னத்தானே கேப்பீங்க. கேளுங்க."

"நீ எடுத்தியா?"

"இல்ல. எடுத்திருந்தா உங்க முன்னாடி இப்படி எகிறிப் பேசுவேனா?"

பூருல் வந்ததும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடது விலாவருகே கோட்டுத் துணியை இரண்டு விரலால் உடம்பில் படாமல் பிடித்தபடியே பேசினாள்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு சார். வாய்தான் நீளம்."

"அப்ப யாரு?"

"கண்டுபிடிக்கறது உங்க வேலை."

ஆறு கோப்புகளையும் ஜுமாதில் புரட்டினார். நான்கு பேர் பெண்கள். ஐந்தாமவனுக்கு நெஞ்சுக்குழாய் ஒன்பது நாள் இருந்திருக்கிறது. ஜானில் சொன்ன காரணங்களில் ஏதாவதொன்று அவர்களுக்குப் பொருந்தியது. ஆறாவது ஆள் மட்டும் எதிலும் அடங்கவில்லை. தோலெபெர்தி, ஆட்டிடையர், வயது அறுபத்தைந்து. சின்னத் துளை வழியாக அறுவை. மறுநாளே குழாய் எடுத்தாயிற்று. பயம் என்றால் என்னவென்று கேட்கிற ரகம்.

3.45. மகள் வீட்டில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார் தோலெபெர்தி. மந்தை மேய்ச்சல் மலைக்கு ஏறிவிட்டது. அவரால் சேணத்தில் உட்கார முடியவில்லை.

"டீ குடிங்க காப்டன். நான் சட்டையே போடறதில்ல. மருமகன் பாத்துச் சிரிக்கிறான், கல்யாண வீட்டு மல்யுத்தப் போட்டிக்குப் போறீங்களான்னு."

"அறுவை முடிஞ்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"செத்துட்டா தேவலன்னு இருந்துச்சு. மருந்து போகுதுன்னு சொன்னாங்க, எங்க போச்சோ. ஒரு தாதி மட்டும் பக்கத்துல உக்காந்திருந்தா. அவதான் சொன்னா: 'இது ஆறிடும் பெரியப்பா. அப்புறம் வேற ஒண்ணு வரும். மார்புக்குக் கீழ இருந்து முதுகு வரைக்கும் ஈரக்கயித்த இறுக்கின மாதிரி இருக்கும். சட்டை உரசினா எரியும். காத்து பட்டாலே எரியும். அப்ப துண்ட மடிச்சு உள்ள வச்சுக்கங்க.' அச்சுப் பிசகாம அப்படியே வந்துச்சு."

ஜுமாதில் டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எந்தத் தாதி?"

"மூஞ்சியில துணி கட்டியிருந்தா. ரெண்டு தாதியும் போடறது ஒரே வெள்ளைக் கோட்டுதானே. நல்ல பொம்பள. அவளும் அழுதா."

5.10. எசென், ஜானில், இரண்டு தாதியர் நால்வரையும் அதே ஜன்னல் அறையில் உட்காரவைத்தார் ஜுமாதில். அவர் மட்டும் நின்றார், வலிக்கிற காலோடு.

"ஆறு பேருக்கும் பொதுவா என்னன்னு எல்லாரும் உடம்புல தேடினோம். தோலெபெர்தி உடம்புல ஒண்ணும் இல்ல. அவருக்கு இருந்தது முதல் நாள் அடங்காத வலி மட்டும். அது உப்புநீரால வந்தது. அது யார் வேலைன்னு அவர் வாயாலயே சொன்னார், அவருக்கே தெரியாம. மூணு மாசம் கழிச்சு வரப்போற எரிச்சல ஒரு தாதி அன்னைக்கே சொல்லியிருக்கா. கயிறு, சட்டை, காத்து, மடிச்ச துண்டு. துண்டு வைக்கிறது எந்தப் பாடத்துலயும் இல்ல. அனுபவிச்சவளுக்குத்தான் தெரியும். கிஷிம்ஜான் காத்துலயே உக்காந்திருந்தா. நீங்க காத்து படாம நாற்காலிய நகர்த்தினீங்க, பூருல் அக்கா. துணிய இப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க."

பூருல் விரலை எடுக்கவில்லை.

"எட்டு வருஷமா எரியுது," என்றாள். "எனக்கும் நாய்ப்புழுக் கட்டிதான். நம்ம டாக்டர்தான் எடுத்தார். தலைநகர் வரைக்கும் போய்க் காட்டினேன். மனசுதான் காரணம், கல்யாணம் பண்ணிக்கோன்னாங்க. தாங்கவே முடியாத நாள்ல மட்டும் எடுத்தேன். விக்கல சார். ஒரு சொட்டு விக்கல."

எசென் எழுந்து நின்றுவிட்டார். "தினமும் என் பக்கத்துல நிக்கிறியே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கத்தியக் கீழ வச்சிடுவீங்க. நீங்களும் இல்லன்னா இந்த ஜனங்க எங்க போவாங்க?"

"ஆனா ஆறு பேர உன்ன மாதிரியே ஆக்கிட்டியே."

கிஷிம்ஜான் எழுந்து போய், யாரும் சொல்லாமலே ஜன்னலைச் சாத்தினாள்.

ஜுமாதில் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். களவு, ஆறு பேருக்குத் தீங்கு. எழுத எழுதப் பூருல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு இல்ல சார்," என்றாள். "ஒன்பது. மீதி மூணு பேரும் புகார் குடுக்க மாட்டாங்க. கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுவாங்க. நாலு மாசம்தான் ஆகுது. என்ன மாதிரி விட்டுடாம இப்பவே மருந்து ஆரம்பிச்சா கொஞ்சமாவது குறையும்."

எழுதிக்கொள்ள எசென், ஜுமாதில் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். பூருல் மூன்று பெயர்களையும் சொன்னாள், ஊரோடு, எந்தப் பக்க விலா என்பதோடு.